பதினோராவது பத்தி

லீக்கில் ஓர் இடம் காலி.
நாலு ஊர் கேட்கிறது.
என் மடியில் மதிப்பெண் தாள்,
பத்துப் பத்தி, பத்திக்குப் பத்து மார்க்:
இருக்கை, விளக்கு, விடுதி, புரவலர்,
மதுரைக்கு, அதாவது விமானத்துக்கு, எத்தனை கிலோமீட்டர்.
வண்டி ஓட்டுகிறவர் நம்புராஜன்.
தங்கச்சிமடத்துக்காரர், அதனால் அபிப்பிராயம் சொல்ல மாட்டேன் என்று
தேவிபட்டினம் விலக்கிலேயே சொல்லிவிட்டு
வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

தொண்டியில்
புல் நட்ட இடமெல்லாம் உப்புப் பூத்திருந்தது.
செயலாளர் ஹாஜா நஜ்முதீன் செருப்பைக் கழற்றிவிட்டு
நடுவட்டத்தில் போய் நின்று
‘இங்கே மட்டும் பாருங்க’ என்றார்.
அங்கே மட்டும் பச்சை.
அந்தப் பச்சைக்கு நாலு மார்க்,
தண்ணீர் லாரிக்காரருக்காக இன்னொன்று.

கீழக்கரை எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தது.
துபாயிலிருந்து மூன்று பேர் காணொளியில் வந்தார்கள்,
ஒருவர் பின்னால் அலுவலகம், ஒருவர் பின்னால் திரைச்சீலை,
ஒருவர் லிப்டுக்குள்.
வரைபடம், வங்கிக் கடிதம், ஜெர்சிக்கு மூன்று நிறத்தில் மாதிரி.
தொதல் வைத்தார்கள், விரலில் நெய் ஒட்டியது.
எழுபத்தெட்டு.
எழுதும்போதே பேனா நிம்மதியாக ஓடியது.

ஏர்வாடியில் மைதானத்தைச் சுற்றிச் சீமைக்கருவேலம்.
ஒரு பந்து எத்தனை நாள் வரும் என்று கேட்டேன்.
‘காத்தைப் பொறுத்து’ என்றான் கோல்கீப்பர்,
கையில் பஞ்சர் டப்பா.

பாம்பன் கடைசி.
‘சொந்த மைதானம் எது?’
‘ரெண்டு இருக்கு மேடம்.
சோழகத்துக்கு வடகரை, வாடைக்குத் தென்கரை.’
தாளில் ஒரு கட்டம்தான் இருந்தது.
‘பயிற்சிக்கு எல்லாரும் வருவார்களா?’
‘போட்டுக்கு டோக்கன் இல்லாத நாள்ல வருவாங்க.
தடைக்காலத்துல அறுபத்தொரு நாளும் முழுசாக் கிடைப்பாங்க.
ரெண்டு பேர் மட்டும் இப்ப வர முடியாது.’
எங்கே என்று நான் கேட்கவில்லை.
அவர் பார்த்த பக்கம் வெறும் தண்ணீர்.

முப்பத்தெட்டாவது நிமிடம்.
ஓங்கி உதைத்த பந்து சோழகத்தில் ஏறி
கோலைத் தாண்டி, வள்ளங்களைத் தாண்டி
வடகடலில் விழுந்தது.
யாரும் ஓடவில்லை.
நடுவர் ஜெசிந்தா கைக்கடிகாரத்தை நிறுத்தினாள்.
இருபத்திரண்டு பேரும் மணலில் உட்கார்ந்தார்கள்.
ஒருவன் உள்ளங்காலில் ஏறிய கிளிஞ்சலைப் பல்லால் எடுக்கப் பார்த்தான்.
எட்டு வயதிருக்கும், ஒரு பையன்
தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தான்,
கிழக்கே நடந்தான்,
ஜெட்டியின் நுனியில் போய்க் காலைத் தொங்கப் போட்டான்.
‘வேறு பந்து இல்லையா?’
‘எதுக்கு? நீவாடு கொண்டாந்திரும்’ என்றார் நம்புராஜன்.

பதினேழு நிமிடம்.
ஆடிக்கு இது சீக்கிரமாம்.
பந்து, பழகிய மாடு மாதிரி,
தூணில் முட்டி நின்றது.
ஜெசிந்தா பதினேழை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு
விசில் ஊதினாள். கோல் கிக்.

பாம்பனுக்கு ஐம்பத்தொன்று.
இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன், சரிதான்.

உச்சிப்புளி கேட் மூடியிருந்தது.
‘கீழக்கரைதானே?’ என்றார், கண்ணாடி வழியாக.
‘கமிட்டி முடிவு பண்ணும்.’
‘அது சரி’ என்று இன்ஜினை அணைத்தார்.

தாளின் ஓரத்தில் ஸ்கேல் வைத்து
இன்னொரு பத்திக்குக் கோடு இழுத்தேன்.
மேலே என்ன தலைப்பு என்று தெரியவில்லை.
பாம்பனுக்குப் பத்துக்குப் பத்து என்று கை போனது,
நின்றது.
கோடு மற்ற மூன்று ஊர்களுக்கும் சேர்த்துத்தான் ஓடுகிறது.
அங்கெல்லாம் பதினேழு நிமிடம்
நான் சும்மா உட்காரவில்லை.
தொண்டியில் அந்த மனிதர் செருப்பைத் திரும்ப மாட்டியதைக்கூடப்
பார்க்காமல் வண்டி ஏறியவள்.

ரயில் போனது.
கேட் தூக்கியதும் பின்னாலிருந்து
எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ஹாரன்.